இரண்டு பெயர்க்காரர்களின் சபை

போன மாதம் தேவிகாபுரம் பக்கத்தில் ஒரு பங்கில் கூட்டம் போட்டார்கள். ‘மாறிவரும் பண்பாட்டில் மறைப்பணி’ என்பது தலைப்பு. வெளியூரிலிருந்து வந்த சாமியார் திரையில் படம் போட்டுப் பேசினார். இளைஞர்கள் பூசைக்கு வருவதில்லை, செல்போன் கெடுத்துவிட்டது, பெந்தகோஸ்தே ஜெபக்கூடங்கள் ஆளை இழுக்கின்றன. ஆகவே நாமும் பூசையை யூடியூபில் நேரலையாகக் கொடுக்க வேண்டும், பாடகர் குழுவுக்குப் புது கீபோர்டு வாங்க வேண்டும் என்றார். கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்து, “அதெல்லாம் சரி சாமி, எங்க பொணத்த எப்ப பெரிய தெரு வழியா எடுத்துட்டு வர்றது?”ன்னு கேட்டாங்க. “அது வேற விஷயம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

வேற விஷயமா? தோழர்களே, அதுதான் விஷயம்.

பிணம் போகிற வழி என்றால் எறையூர் ஞாபகம் வராமல் போகாது. உளுந்தூர்பேட்டைப் பக்கம். ஒரே மாதா, ஒரே நற்கருணை. தலித் கிறித்தவர் செத்தால் மட்டும் வேறு பாதை. தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கிறித்தவர்கள் அவர்கள்மேல் பாய்ந்தார்கள். போலீஸ் சுட்டதில் ரெண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் இருவரும் வன்னியர்கள். அந்த ரெண்டு உயிரையும் சாதிதான் தின்றது. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இது நேற்று வந்த நோயும் இல்லை. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு ரெண்டு இறக்கை வைத்து, நடுவில் சுவர் எழுப்பி, வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து உட்கார வைத்தார்கள். 1910இல் சுவரை இடித்ததும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1917இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. அப்போதும் சேரிக்காரன் அந்த வழக்கிலேயே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆக, திருச்சபைக்கு மாறத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. லத்தீன் பூசை தமிழானது. ஆர்மோனியம் கீபோர்டானது. கொரோனா வந்தபோது ஒரே வாரத்தில் பீடமே செல்போனுக்குள் வந்தது. எதை மாற்றுவது என்று தேர்ந்தெடுக்கிறவன் யார் என்பதுதான் கேள்வி. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்திலேயே கணக்கு இருக்கிறது: நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள். ஆயர்களில் தலித்துகள் எத்தனை? 12 பேர். 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். சந்தோஷம். ஆனால் ரோமிலிருந்து வருகிற சிவப்புத் தொப்பி எறையூர்ப் பாதையைத் திறந்துவிடாது.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் நான். ஆதாரில் ஆறுமுகம் என்றிருக்கும். பின்னால் நிற்கிற தாய், “ஆரோக்கியம், கையெழுத்த ஒழுங்கா போடுடா” என்பாள். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் அந்தப் பையனின் சாதிச் சான்றிதழ் போய்விடும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி அப்படி. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவனுக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் வாங்கிய பறையன் பிற்படுத்தப்பட்டவனாம். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஒன்றியத்தைக் கேட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண்ணொருவர் குமாஸ்தா வேலைக்காகக் கேட்ட சான்றிதழை உச்சநீதிமன்றம் மறுத்து, அது அரசியல் சட்டத்தின்மேல் செய்யும் மோசடி என்றது. மோசடியாம்! ஊருக்குள் வந்தால் பறையன், சர்க்கார் ஆபீசில் நின்றால் கிறித்தவன்.

ஆகஸ்ட் 10ஐ ஆயர் பேரவை கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. நல்லது, நாமும் போய் நிற்கிறோம். ஆனால் டெல்லியைப் பார்த்து நீளுகிற கை, சொந்தக் கல்லறைச் சுவரைத் தொட ஏன் நடுங்குகிறது? ‘உங்க மதத்துலதான் சாதி இல்லையே’ என்று கேட்கிறவனுக்கு ஆயர் இல்லங்கள் என்ன பதில் வைத்திருக்கின்றன?

கஞ்சிக்கு மதம் மாறினவன் என்று நம்மைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, பிரெஞ்சுச் சாமியார் தாராஸ் சேத்துப்பட்டை மையமாக வைத்து இந்தப் பக்கம் ஞானஸ்நானம் கொடுத்தபோது திரண்டவர்களில் பெரும்பகுதி சேரி சனம். பசி இருந்தது, மறுக்கவில்லை. பசித்தவன் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாமே? நாலு தலைமுறையாக ஏன் நிற்கிறான்? யாரோ ஒருவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்தப் பெயரைத்தான் இன்றைக்கு ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது.

பண்பாட்டு மாற்றம் என்றால் என்ன என்று மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஒருவர் செய்து காட்டினார். ‘பரட்டை’ என்று தன்னை அழைத்துக்கொண்ட தியாபிலஸ் அப்பாவு. 2005இல் மறைந்தார். கீர்த்தனையும் பியானோவும் கோலோச்சிய வழிபாட்டுக்குள் பறையையும் கிராமத்து மெட்டையும் கொண்டுபோனார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதையே இறையியலாகப் பேசினார். திரை போட்டுப் பேச வந்த சாமியார் அவர் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

காவிக்கும்பல் ஜெபக்கூடங்களை அடிக்கிற நேரத்தில் திருச்சபையை விமர்சிக்கலாமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அடி விழுகிற ஜெபக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவரும் பெரும்பாலும் நம் சனம்தான். அங்கே போய் முன்னால் நிற்போம். நிற்கிறவனுக்குக் கேட்கவும் உரிமை உண்டு.

அந்த அம்மாவின் மகள் செய்யாறு சிப்காட்டில் செருப்புக் கம்பெனிக்குப் போகிறாள். விடிகாலை வேனில் யார் பக்கத்தில் யார் என்று பார்ப்பதில்லை, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து தூங்குகிறார்கள். அவள் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று அவளிடமே கேட்டேன். “அங்க போனா நான் இன்னார் மவன்னு ஞாபகப்படுத்துறாங்கண்ணா” என்றாள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் பங்கில் பிணம் எந்த வழியாகப் போகிறது, கல்லறையில் யாருக்கு எந்தப் பக்கம், தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, பங்குப் பேரவையில் யார் யார் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவோம், ஆயருக்கும் ஒரு பிரதி போகும். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம், ரெண்டு பெயரில் எதையும்.