பெட்டியில் வராத விளையாட்டு

போன மாங்கனித் திருவிழாவுக்குப் பாரீஸிலிருந்து வந்திருந்த என் கொழுந்தனார், ஊருக்குத் திரும்புகிற அன்று என் பெரியவன் கையில் ஒரு கார்டைக் கொடுத்தார். பார்க்க ஏ.டி.எம். கார்டு மாதிரி இருந்தது. ஐம்பது யூரோ. "இதுல பிடிச்ச கேமா பார்த்து டவுன்லோடு பண்ணிக்கடா" என்றார். பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து கார்டு எண்ணைப் போட்டால் ஏற்கவே இல்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் கம்பெனியின் பிரான்ஸ் கார்டு, பிரான்சில் தொடங்கிய அக்கவுண்டில்தான் செல்லுமாம். இவனுடையது இந்தியா அக்கவுண்டு.

எங்கள் காரைக்காலில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. அதனால்தான் சகோதரிகளே, இதை முதலில் சொல்லிவிட்டேன். கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். அங்கிருந்து யாராவது கார்டு வாங்கித் தருகிறேன் என்றால், "இங்கே செல்லுமா என்று பார்த்து வாங்குங்க" என்று சொல்லிவிடுங்கள்.

நான் பள்ளியில் படித்தபோது டி.வி.யில் செருகி விளையாடுகிற கேசட் வந்தது. எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் இருந்தது. அந்த ஒரு கேசட் தெரு முழுக்கச் சுற்றி, தேய்ந்து, ஊதி ஊதிச் செருகினால்தான் வேலை செய்யும் என்ற நிலைக்கு வந்தது. பிறகு சி.டி., டிவிடி. இப்போது பெட்டியும் இல்லை, தட்டும் இல்லை. இணையக் கடையில் பணம் கட்டினால் விளையாட்டு நேராகக் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடுகிறது. ஸ்டீம் என்கிற கடை 2003-லேயே தொடங்கியதாம். நமக்குத்தான் இப்போது தெரிகிறது.

சௌகரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் கடைத்தெருவில் தேடிப் பார்த்தும் அசல் டிஸ்க் கிடைக்கவில்லை. சென்னைக்குப் போனால், பர்மா பஜாரில் கிடைப்பது அசலா நகலா என்று நமக்கு என்ன தெரியும்? இப்போது வரும் லேப்டாப் பலவற்றில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. 2015-ல் ஜி.டி.ஏ. 5 கம்ப்யூட்டருக்கு வந்தபோது ஏழு டிவிடியாக வந்தது. (அது 18 வயது ஆனவர்களுக்கான விளையாட்டு. பிள்ளை கேட்டான் என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.) ஏழு தட்டில் ஒன்று கீறினாலும் போச்சு. டவுன்லோடில் அந்தத் தொல்லை இல்லை, கம்ப்யூட்டரை மாற்றினாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். தள்ளுபடி நாட்களில் பாதி விலைக்கும் கீழே வருவதுண்டு.

ஆனால் நாம் வாங்குவது பொருளை அல்ல, விளையாடுகிற அனுமதியை. சொந்த வீடு என்று நினைத்துப் பணம் கட்டுகிறோம், கைக்கு வருவது வாடகைச் சீட்டு. அலுத்துப்போனால் விற்க முடியாது, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்கவும் முடியாது. யுபிசாஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014-ல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை 2024 மார்ச் 31-ல் நிறுத்திவிட்டது. அது இணையத்தோடு சேர்ந்தே ஓடுகிற விளையாட்டு என்பதால், டிஸ்க்காக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களும் விளையாட முடியவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கிறது. விற்பது அனுமதி மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று போடக்கூடாது. 2025-லிருந்து அது அமலில் இருக்கிறது. ஜி.ஓ.ஜி. என்று ஒரு கடை உண்டு. அதில் வாங்கினால் விளையாட்டை நிறுவும் கோப்பை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

இன்னொன்று, அக்கவுண்டு. பெரியவன் ஒன்பதாவது படிக்கும்போது தன் சிநேகிதனின் ஈமெயிலில் அக்கவுண்டு தொடங்கி, பொங்கல் காசையெல்லாம் அதில் போட்டு மூன்று விளையாட்டு வாங்கியிருந்தான். சிநேகிதன் குடும்பத்துக்கு மாற்றலாகிவிட்டது. ஈமெயில் பாஸ்வேர்டும் அந்தப் பையனுக்கு மறந்துவிட்டது. மூன்றும் போயே போச்சு. யாரைக் குறை சொல்ல? நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது வீட்டு அக்கவுண்டு என் ஈமெயிலில், என் போன் நம்பரில் இருக்கிறது. பேங்க் கார்டை அதில் சேமித்து வைப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் நானே பார்த்துக் கட்டுகிறேன்.

அளவையும் பாருங்கள். பெரிய விளையாட்டென்றால் 60 ஜி.பி.க்கு மேல்கூட இருக்கும். நாளைக்கு 2 ஜி.பி. தருகிற செல்போன் பிளானில் இறக்கினால் ஒரு மாதம் ஆகும். அதுவரை வீட்டில் வேறு யாரும் நெட் பக்கமே போகக்கூடாது!

பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்பீர்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் திருப்பித் தருகிறார்கள். இந்த விதியால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. 2023-ல் வந்த 'வெண்பா' என்ற விளையாட்டைச் சின்னவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் நைந்துபோன சமையல் நோட்டில் அழிந்த வரிகளை ஊகித்து இட்லி, புட்டு, பிரியாணி என்று செய்ய வேண்டும். பிரிட்டனின் பாஃப்டா விருது 2024-ல் கிடைத்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை வளர்ந்து தமிழில் பேசக் கூச்சப்படுகிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது, பாரீஸில் இருக்கும் கொழுந்தனார் பிள்ளைகள் ஞாபகம் வந்துவிட்டது.

ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. சின்னவள் மெதுவாக, "அம்மா, இன்னும் ரெண்டு மணி ஆகலை. திருப்பிக் கொடுத்துட்டா காசு வந்துடும்மா" என்றாள்.

"சாப்பிட்டு முடிச்சுட்டு இலையைக் காட்டிக் காசு கேப்பியாடி?" என்றேன்.

"விதியிலயே இருக்கே!"

இருக்கிறதுதான். ஆனால் அது ஓடாத விளையாட்டுக்கும், ஏமாந்து வாங்கியதற்கும். நான் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பாட்டிக்கு அதைக் காட்டி, புட்டு எப்படி வைப்பதென்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஐம்பது யூரோ கார்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. கொழுந்தனார் அடுத்த தடவை வரும்போது அவர் பிள்ளைகளுக்கே கொடுத்தனுப்பலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.