விதிக்கு உட்பட்டது, வாசகருக்கு உகந்ததா?

பக்கத்தை எவ்வளவு நகர்த்தினாலும் திரையின் விளிம்பில் நகராமல் நிற்கும் ஒட்டு விளம்பரங்களைக் குறித்து முறையிட்டால், இணையதள நடத்துநர்கள் தரும் விடை ஒன்றே: “விளம்பர வலையமைப்பின் விதிகளுக்கு உட்பட்டே வைத்துள்ளோம்.” பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கலாம். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விதிகள் இல்லாமல் இல்லை. திரையில் 30 விழுக்காட்டுக்கு மேல் அடைக்கும் ஒட்டு விளம்பரம் ஏற்கத்தக்கதன்று என ‘கோஅலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ்’ கூட்டமைப்பு 2017 மார்ச்சில் வரையறுத்தது. அத்தரநிலையைத் தொடர்ந்து மீறும் தளங்களின் விளம்பரங்களைக் குரோம் உலாவி 2018 பிப்ரவரியில் சில நாடுகளிலும் 2019 ஜூலையில் உலகெங்கும் வடிகட்டத் தொடங்கியது. தவறுதலான சொடுக்கைத் தூண்டும் இடவமைப்பை ஆட்சென்ஸ் விதிகளும் தடுக்கின்றன. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

ஆனால் விதியை வகுப்பவர் யார்? குரோம், ஆட்சென்ஸ் இரண்டும் கூகுளுக்கு உரியவை. அக்கூட்டமைப்பிலும் கூகுள் உறுப்பினர். திரையின் விளிம்பில் ஒட்டும் ‘ஆங்கர்’ விளம்பர வடிவத்தை வழங்குவதும் அதே நிறுவனம். எடைக்கல்லுக்கு முத்திரையிடும் அதிகாரம் கடைக்காரர் கையிலேயே இருக்கிறது.

அந்த எடைக்கல் அளப்பது எதை? பரப்பை மட்டுமே; காலத்தை அன்று. திரையில் பத்தில் ஒரு பங்கை அடைத்தபடி, ஒருவர் கட்டுரையைப் படித்து முடிக்கும் இருபது நிமிடமும் விளம்பரம் நின்றாலும் 30 விழுக்காட்டு வரம்பு மீறப்படுவதில்லை. அது அவ்வாறு நிற்பதற்கும் காரணம் உண்டு. காட்சி விளம்பரத்தின் பரப்பில் பாதி, ஒரு நொடி தொடர்ந்து திரையில் தோன்றினாலே அது பார்க்கத்தக்கதாக இருந்தது என்பது மீடியா ரேட்டிங் கவுன்சிலின் அளவுகோல். நகராத விளம்பரம் அத்தேர்வில் எளிதில் வென்றுவிடும். கணக்கில் ஏறுவது திரை. வாசகரின் கண் அன்று. இதில் ஏமாறுவோருள் பணம் கொடுத்த விளம்பரதாரரும் ஒருவர்.

இந்திய மொழித் தளங்கள் விளம்பர வருவாயின்றி வாழ இயலாது என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் அவ்வருவாயின் பங்கை முடிவு செய்வது வாசகர் அல்லர். மின்னணுச் செய்தி வெளியீட்டாளர்களின் முறையீட்டை ஏற்று, கூகுள் மீது விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் ஆணையிட்டது. வலையமைப்போடு தீர்க்கவேண்டிய அவ்வழக்கை வாசகரின் கைப்பேசித் திரையில் தீர்ப்பது அறமாகாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. மூடும் குறியை அழுத்தினால் வேறொரு விளம்பரம் திறப்பது அவற்றுள் அடங்கும். வலையமைப்பின் விதிக்கு வெளியேயும் ஓர் அளவுகோல் இயலும் என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் அது தடுப்பது ஏமாற்றை; ஓயாத இருப்பை அன்று. ஒருமுறை மூடிய விளம்பரம் அப்பக்கத்தில் மீண்டும் தோன்றலாகாது, மூடும் குறி விரலுக்கு எளிதில் எட்டவேண்டும் என்ற இரண்டையும் பொது விதியாக்குவது கடினமன்று.

ஊடகவியல் ஆய்வுகள் ‘விதிக்கு இணங்கியது’ என்பதை அறத்தின் சான்றிதழாக ஏற்பதை இனியேனும் நிறுத்தவேண்டும். அது விற்பவர் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட சான்றிதழ்.