குனிந்தால் தீரும் வலி

துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அநேகர். அவர்களில் சிலரை நாம் கடை வாசல்களில் காணலாம். சிறிது தூரம் நடந்ததுமே இடுப்பு வலித்து, கால்கள் மரத்துக் கனத்துப்போகும். உட்கார்ந்து ஐந்து நிமிஷம் குனிந்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அதே மனிதர் சைக்கிளில் எண்ணூர் வரை போய் வருவார்! 'வேலை சொன்னால்தான் வலி வரும் போலிருக்கிறது' என்று வீட்டார் பரிகாசம் செய்கிறார்கள். பாவம், அவர் சொல்வது அத்தனையும் உண்மை.

முதுகெலும்பின் நடுவே நரம்புகள் இறங்கும் பாதை ஒன்று உண்டு. வயதேற ஏற, சுற்றியுள்ள மூட்டுகளும் தசைநார்களும் தடித்து அதை நெருக்குகின்றன. நிமிர்ந்தால் பாதை இன்னும் குறுகும். குனிந்தால் சற்று விரியும். ஹாலந்து தேசத்து வைத்தியர் வெர்பீஸ்ட் 1954-ல் இதை விவரித்து எழுதினார். புகையிலைப் பழக்கமுள்ளவர்களுக்கு இரத்தக் குழாய் அடைப்பினாலும் நடக்கையில் கால் வலிப்பதுண்டு. ஆனால் அந்த வலி சும்மா நின்றாலே தணியும். இரண்டையும் பிரித்தறிவது வைத்தியர் வேலை.

நம்மவர்களோ காலால் பிறந்தவரைத் தேடிப் பிடித்து முதுகை மிதிக்கச் சொல்கிறார்கள். தேய்ந்த எலும்பு முறிந்தால் மிதித்தவரா பொறுப்பேற்பார்? அமெரிக்காவில் 1895-ல் பால்மர் என்பவர் தொடங்கிய 'கைரோப்பிராக்டிக்' முறை வேறு ரகம். பயின்ற கைகள் முதுகெலும்பை அளவோடு அசைக்கின்றன. அதனால் பலன் உண்டா? அந்நாட்டில் இந்நோயுள்ள 259 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2019-ல் வெளியாயிற்று. கை வைத்தியத்தோடு அவரவருக்கேற்ற தேகப்பயிற்சியும் பெற்றவர்கள், மருந்து முறையில் சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டு மாதத்தில் அதிக சுகம் கண்டார்கள். ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் மறைந்து போயிற்று! ஆகவே, கை வைத்தியத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு பயிற்சியைக் கைவிடுவது வீண் என்பதே நம் அபிப்பிராயம்.

பயிற்சியோ சுலபம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்போடு அணைப்பது, வயிற்றுத் தசைகளை வலுப்படுத்துவது, சைக்கிள் மிதிப்பது, வலி வருமுன் உட்கார்ந்து மறுபடி நடப்பது. இவற்றைப் பிஸியோதெரபி நிபுணரிடம் ஒரு முறை கற்று, தினந்தோறும் செய்யவேண்டும். பல மாதம் செய்தும் நடை குறைந்துகொண்டே வந்தால் சஸ்திர சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம்.

சிறுநீர் கட்டுப்படாமற்போனாலோ, அடைத்துக்கொண்டாலோ, ஆசனப் பகுதி மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, பயிற்சியும் வேண்டாம், பிடித்துவிடுதலும் வேண்டாம். பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே வண்டி பிடிக்க வேண்டும்.