ஐம்பது உருபாச் சட்டம்

ஓர் அரசு எதனைப் பெரிதென மதிக்கின்றது என்பதை அறிய அதன் மேடைப் பேச்சுகளைக் கேட்க வேண்டா; அது விதிக்கும் தண்டத்தொகையைப் பார்த்தாலே போதும்.

உணவுக் காப்புச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டபோது, உரிமம் பெறாது உணவு வணிகம் நடத்துவார்க்கு 6 திங்கள் வரை சிறையும் 5 இலக்கம் உருபா வரை தண்டமும் அதில் வகுக்கப்பட்டன. மக்கள் உயிரைக் காக்க அக்கடுமை வேண்டியதே. ஆனால், அவ்வுணவுக்கடைக்கு அடுத்த துணிக்கடையின் பலகையில் தமிழே இல்லையாயின் நேர்வது யாது?

தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன்கீழ் அமைந்த 1948-ஆம் ஆண்டு விதிகளுள் 15-ஆவது விதி, பலகையில் தமிழே முதற்கண் நிற்க வேண்டும், பிற மொழிகள் அதன்பின்னரே வர வேண்டும் என்கின்றது. தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிறமொழிக்கு 2 என இட அளவும் சொல்லப்பட்டுள்ளது. விதி நன்றே! ஆயின், அதனை மீறினார்க்கு நெடுங்காலம் இருந்த தண்டம் வெறும் 50 உருபா! பலகை எழுதுவோனின் அரைநாட் கூலிக்கும் அது போதாது. அண்மையில் அதனை 2,000 உருபாவாக உயர்த்தியதாக அறிவித்தனர். ஐந்தடுக்கு மாளிகையில் நகை விற்பானுக்கு அஃதொரு பொருட்டா? தண்டம் இத்துணைச் சிறிதாயின், அது தவறு செய்வதற்குரிய கட்டணமாகவே ஆகிவிடுகின்றது.

அண்டை வீட்டைப் பாருங்கள். கருநாடகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கன்னட மொழிச் சட்டம், முதற் பிழைக்கு 5,000, இரண்டாவதற்கு 10,000, அதன்பின் 20,000 உருபாவுடன் உரிம நீக்கமும் என்கின்றது. 2024-இல் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் வேண்டுமெனத் திருத்தமும் செய்தனர். கனடாவின் கியூபெக்கு மாநிலமோ 1977-இல் பிரஞ்சுமொழிச் சட்டம் கண்டது. 2022-இல் அதனை இறுக்கி, நிறுவனங்களுக்கு 3,000 முதல் 30,000 டாலர் வரை தண்டம் வைத்தது. மறுமுறை மீறினால் இருமடங்கு. மேலும் மீறினால் மும்மடங்கு. குற்றம் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் தனிக்குற்றம். மீண்டும் மீண்டும் மீறுவாரின் உரிமத்தைப் பறிக்கவும் அங்கு வழியுண்டு.

"வணிகரைத் துன்புறுத்துவதா?" என்று சிலர் கண்ணீர் வடிப்பர். பெட்டிக்கடைக்காரனும், இட்டலி சுட்டு விற்கும் மூதாட்டியும், மிதிவண்டி பழுதுபார்ப்பவனும் எவரும் அச்சுறுத்தாமலே தமிழில் எழுதி வைத்துள்ளனர். தமிழை விரட்டியவர் பெருவணிகர். 'டெக்சுடைல்சு' எனத் தமிழெழுத்தில் ஆங்கிலத்தை எழுதி ஏய்ப்பவரும் அவரே. எனவே கடையின் பரப்பிற்கேற்பத் தண்டம் உயர்தல் வேண்டும். தமிழ்ப்பலகை இல்லாக் கடைக்கு உள்ளாட்சி உரிமத்தைப் புதுப்பித்துத் தருதல் கூடாது.

தமிழன்பர்களே! வீட்டுப்பாடம் எழுதிவரச் சொல்லிவிட்டு ஒருநாளும் ஏட்டைத் திருத்தாத ஆசிரியனை எந்த மாணவன் மதிப்பான்? நம் அரசு அவ்வாசிரியனாகவே இருந்து வருகின்றது. ஏட்டைத் திருத்தச் செய்வது நம் கடன். நும் ஊர்க் கடைத்தெருவில் தமிழில்லாப் பலகைகளை எண்ணுங்கள். கடை கடையாகக் குறித்துத் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். விடை வரும்வரை எழுதுங்கள்!