சுழியா, ஒலியா?

‘உலகின் ஒளி’ என்று எழுத வேண்டிய சிறுமி ‘உலகின் ஒலி’ என்று எழுதிவிடுகிறாள். பாவக் கறையைக் கழுவ வேண்டியவள் நம்மைப் பாவக் கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறாள். படிப்போர் சிரிக்கின்றனர். சிவப்பு மை வட்டமிடுகிறது. நூறு முறை எழுதிவர இம்பொசிஷன் கிடைக்கிறது. நூறாவது முறையும் அவள் செவிக்கு இரண்டும் ஒன்றே. குற்றம் யாருடையது?

குழந்தை கேட்டதைத்தான் எழுதுகிறது. தென் மாவட்டங்களில் பல வீடுகளில் பழம் ‘பளம்’ ஆகிறது. சென்னைப் பேச்சிலோ ‘பயம்’ ஆகிறது. ரகர றகர வேறுபாடு பெரும்பாலான வீடுகளில் மறைந்தே போயிற்று. வீட்டுப் பேச்சு இழிவானதன்று. ஆனால் அங்கே கேளாத ஒலியைப் பள்ளியாவது கேட்கச் செய்ய வேண்டாமா?

‘சின்ன ர, பெரிய ற, இரண்டு சுழி ன, மூன்று சுழி ண’ என்று வடிவத்தைக் காட்டுவதே வழக்கமாகிவிட்டது. எந்தச் சொல்லில் எத்தனை சுழி என்பதைச் சுழி சொல்லாது. இலக்கண ஆசிரியர் வழங்கும் பெயர்களோ சொல்லும். தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்பன அவை. தகரத்துக்குத் துணை ந்: பந்து. டகரத்துக்குத் துணை ண்: வண்டு. றகரத்துக்குத் துணை ன்: கன்று. பெயரிலேயே பாடம் அடங்கியிருக்கிறது!

அடுத்து நாவைப் பழக்குவோம். லகரத்துக்கு நுனி நா மேற்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு மேலே மடிந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு மடிந்தும் ஒட்டாமல் நிற்கும். குரங்குக்கு வால், வீரனுக்கு வாள், நமக்கு வாழ்வு என்று பொருளோடு சொல்லிப் பழகிய பின்னரே எழுதட்டும்.

“பாடத்தை முடிக்கவே நேரமில்லையே” என்பர் சிலர். நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும். நூறு முறை எழுதுவதற்கும் அதைத் திருத்துவதற்கும் ஆகும் நேரத்தை எண்ணிப் பார்த்தால், இது இலாபமே.

1680-இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவரை நினைவுகூர்வோம். அக்காலத்தில் எகரத்தையும் ஏகாரத்தையும் ஒரு புள்ளியே வேறுபடுத்தியது. ஒகர ஓகாரங்களும் அவ்வாறே. ஓலையில் புள்ளி விடுபட்டால் படிப்பவர் தடுமாறுவர். அத்தடுமாற்றம் தீர எழுத்தைச் சீர்திருத்தினார் அவர். பிற மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட துறவிக்கு அவ்வேறுபாடு அத்தனை அருமையாய்த் தோன்றியது. நம் சிறுமியருக்கு அது சுமையாய்த் தோன்றலாமா?

பெற்றோரே, மாலையில் மகள் வாய்விட்டுப் படிக்கும்போது சற்றே அருகில் அமர்ந்து செவிகொடுங்கள். மூத்த மாணவியரே, இளைய தங்கையரின் பிழையைக் கேட்டு நகைக்காமல் சொல்லிக்காட்டுங்கள். கைக்குத் தண்டனை தருவதை விட்டுச் செவிக்கும் நாவுக்கும் பயிற்சி தருவோம். எழுத்து தானே திருந்தும் என்பது நம் உறுதியான கருத்து.