அடிக்கணக்கு மட்டும் போதுமா?

தேனி மாவட்டத்துக்காரர் காலையில் பேப்பரைப் பிரித்ததும் கண் போகிற இடம் அணை நிலவரம்தான். முல்லைப் பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி எப்படி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. டீக்கடைப் பேச்சே அதிலிருந்துதான் கிளம்பும். வைகையில் 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது, 71 என்றால் அணை நிறைந்துவிட்டது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். நியாயம்தான். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் பெரியாற்றுத் தண்ணீரை நம்பித்தான் நடவாகிறது. 1959-இல் காமராஜர் திறந்துவைத்த வைகை அணையை நம்பி மதுரை தண்ணீர் குடிக்கிறது. ராமநாதபுரம் வரை வயல் நனைகிறது. எத்தனை அடி என்று கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் தண்ணீருக்குள் என்ன உயிர் இருக்கிறது என்று யாராவது கேட்கிறோமா? முன்பு என்ன மீன் இருந்தது, எது போய்விட்டது, எது வந்து உட்கார்ந்துகொண்டது என்று எங்கேயாவது ஒரு வரி வருகிறதா? தண்ணீரை அடியாகவும் கனஅடியாகவும் மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம். இந்த ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. போன ஆடியில் நண்பனோடு வைகை அணைக்குத் தூண்டில் போடப் போனேனே, அன்றைக்குத் தாங்க முடியாமல் போய்விட்டது.

நண்பன் சின்னமனூரில் வாழை போட்டிருக்கிறான். பள்ளிக்கூடம் படிக்கும்போதே முல்லையாற்றில் மூங்கில் கம்பும் மண்புழுவுமாகச் சேர்ந்து அலைந்தவர்கள் நாங்கள். ஆடிக்காற்றில் போக வேண்டாம், ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன். "காத்துக்குப் பயந்தா ஆடி முடியிற மட்டும் வீட்லதேன் கெடக்கணும். வெள்ளன கெளம்பு மாப்ள" என்று வண்டியை எடுத்துவிட்டான்.

எங்கள் பக்கத்து ஆடிக்காற்றை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியாகப் புகுந்து பள்ளத்தாக்கு நெடுக ஓடிவரும். கூடலூரிலும் கம்பத்திலும் சாரலாக இறங்குகிற மேகம், தேனி தாண்டுவதற்குள் இருக்கிற தண்ணீரையெல்லாம் இறக்கிவிடும். ஆண்டிபட்டிப் பக்கம் வந்து சேருவது பெரும்பாலும் வெறும் காற்று. க.விலக்கு, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அன்றைக்குச் சாரலும் கூடவே வந்தது. அணையின் மேல்கரையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. தண்ணீர் செம்மண் நிறத்தில் அலையடித்துக் கரையை அறைந்துகொண்டிருந்தது. பரிசல்களையெல்லாம் மேட்டில் கவிழ்த்துப் போட்டு மேலே கல்லை வைத்திருந்தார்கள். "இந்தக் காத்துல பரிசல் சுத்துமே ஒழிய முன்னுக்குப் போகாது தம்பி" என்றார் அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்.

தொழிலுக்குப் போகாத நாளில் அவருக்குக் கூலி இல்லை. அதையும் எந்த நிலவரத்திலும் எழுத மாட்டார்கள்.

அந்தக் காற்றிலும் மீன் பிடிக்க வழி இருக்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது. எந்தக் கரையில் அலை மோதி மண் கலங்குகிறதோ அங்கேதான் புழு பூச்சி வெளியே வரும், மீனும் இரை தேடி வரும் என்பான் நண்பன். தக்கையைக் கழற்றிவிட்டான். அலையில் தக்கை ஆடுவது மீனா காற்றா என்று தெரியாது. ஈயக்குண்டைக் கனமாகக் கட்டி, இரையை அடியில் கிடத்தி, நரம்பை ஆள்காட்டி விரலில் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடித்தால் விரலுக்குத் தெரியும். முகத்தில் சாரல் ஊசியாகக் குத்தும்போது விரல் நுனி மட்டும் விழித்திருக்க வேண்டும். அந்தச் சுகம் தெரிந்தவர்கள்தான் அப்படிப்பட்ட நாளில் போவார்கள். மழையும் காற்றும் எனக்கு ஒரு குறையே இல்லை. குறையெல்லாம் மனுசன் போட்டுவிட்டுப் போனதில்தான்.

தூண்டில் மாட்டிக்கொண்டது. பாறையாக இருக்கும் என்று இழுத்தால் மெதுவாகக் கூடவே வந்தது. நரம்பு வலை. யாரோ கிழிந்ததும் அறுத்து அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி இழுக்க இழுக்க அது முடியவில்லை. அழுகிய மீன்கள், ஒரு தண்ணீர்ப்பாம்பு, இறக்கை சிக்கிச் செத்த ஒரு நீர்க்காகம். கடைசி முழத்தில் உயிரோடு ஒரு ஜிலேபி மீன். வலைக்கண் செவுளுக்குப் பின்னால் இறுகிப் போயிருந்தது. நண்பன் கத்தியால் நரம்பை அறுத்து அதைக் கையில் எடுத்ததும் வாயைத் திறந்தது. உள்ளிருந்து மிளகளவு குஞ்சுகள் அவன் உள்ளங்கையில் கொட்டின. இந்த மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். வலையில் சிக்கி மூச்சு முட்டும் நேரத்திலும் அது பிள்ளைகளை வெளியே விடவில்லை. தண்ணீரில் விட்டோம். கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்து பிறகு இறங்கிப் போயிற்று.

வலை அறுந்து போவது யாருக்கும் நடக்கும். பிழைப்புக்காகத் தண்ணீரில் இறங்குகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் போட்டது கிடந்து மக்கிப் போகும். இந்த நைலான் மக்காது. பிடிக்க ஆளில்லாமலே வருசக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய வலையைக் கொண்டுவந்து கொடுங்கள், புது வலைக்கு இவ்வளவு கழித்துக்கொள்கிறோம் என்று சொன்னால் யாராவது தண்ணீரில் விடுவார்களா? அதைச் சொல்ல ஆள் இல்லையே.

வலையைக் கரைக்கு இழுத்துப் போட்டுத் திரும்பும்போது நண்பனின் பாதத்தில் கண்ணாடி ஏறிவிட்டது. பீர் பாட்டிலின் அடிப்பாகம், மண்ணில் மேல்நோக்கிப் புதைந்து கிடந்தது. துண்டைக் கிழித்துக் கட்டினோம். ரத்தம் நிற்க நேரமாயிற்று. தண்ணீர் வற்றும்போது கரையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், உடைக்கிறார்கள், போகிறார்கள். தண்ணீர் ஏறும்போது அது மறைந்துவிடுகிறது. மாடு தண்ணீர் குடிக்க இறங்குவதும் பெரியவர் வெறுங்காலோடு பரிசல் தள்ளுவதும் அதே இடத்தில்தான். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கும் என்று 2022-இல் நீலகிரியில் தொடங்கிய திட்டம் பிறகு எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. 10 ரூபாய் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம், உடைக்காமலாவது போகக் கூடாதா?

சரி, என்ன மீன் கிடைத்தது என்று கேட்பீர்கள். ஜிலேபி. எல்லாம் உள்ளங்கை நீளம். அதற்கு மேல் வளர்வதற்குள் கொசுவலை மாதிரி கண் வைத்த வலையில் அள்ளிவிடுகிறார்கள். மாலையில் ஒரு ஆப்பிரிக்கக் கெளுத்தி கடித்தது. வளர்ப்பதற்கே இந்தியாவில் தடை உள்ள மீன் அது. கண்ட மீனையும் குஞ்சையும் தின்றுவிடும். அதை நண்பன் திரும்பத் தண்ணீரில் விடவில்லை.

அயிரை இல்லை, ஆரால் இல்லை, குறவை இல்லை, உழுவை இல்லை. நாங்கள் சிறுவர்களாக முல்லையாற்று மணலைக் காலால் கலக்கினால் அயிரை பாதத்தைக் கிச்சுக்கிச்சு மூட்டும். மதுரைக்காரர்கள் அயிரைக் குழம்புக்கு உயிரை விடுவார்கள். பாலில் விட்டு மணலைக் கக்க வைத்துத்தான் சட்டியில் போடுவார்கள். மணலில் பிறந்து மணலில் வாழ்கிற மீன் அது. ஆற்றில் மணலை அள்ளிவிட்டு, ஊர்ச் சாக்கடையையெல்லாம் அதே ஆற்றில் திருப்பிவிட்டு, அயிரை எங்கே என்று சந்தையில் போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஜிலேபியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏழை வீட்டுச் சட்டியில் வாசம் வர வைக்கிற மீன் அது. ஆப்பிரிக்காவில் இருந்ததை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் நாம். எந்தத் தண்ணீரிலும் பெருகும், எதையும் தின்னும் என்று தெரிந்துதான் விட்டோம். பிறகு ரோகு, கட்லா, மிர்கால் குஞ்சுகளை விடுகிறோம். அவையும் கங்கைப் பக்கத்து மீன்கள். அணைக்குப் பக்கத்திலேயே அரசு மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. நல்ல காரியம்தான், எத்தனையோ குடும்பங்களுக்குத் தொழில். ஆனால் இந்த ஆற்றுக்கென்று இருந்த மீனுக்குப் பண்ணையில் ஒரு தொட்டி உண்டா? அதைப் பெருக்கி ஆற்றில் விட்டால் என்ன குறைந்துவிடும்?

மலைக்கு மேலேயும் இதே கதைதான். பெரியாறு டிரௌட் என்று ஒரு மீன், 1941-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. பெரியாற்றின் மேல்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. வெளியிலிருந்து வந்த சாதாக் கெண்டை தேக்கடி ஏரியில் பெருகி அதன் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது. அந்த ஏரித் தண்ணீர்தான் சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்பில் இறங்கி எங்கள் வயலுக்கு வருகிறது. பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் கட்டிக் கும்பிடுகிறோம், வீட்டில் படம் மாட்டுகிறோம், பிள்ளைக்கு அவர் பெயரை வைக்கிறோம். அவர் தேக்கிய தண்ணீரில் உலகத்திலேயே இங்கே மட்டும் உள்ள ஒரு மீன் அழியும் நிலையில் இருக்கிறது என்பது எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதையெல்லாம் கேட்க ஆள் இருக்கிற ஊரும் உண்டு. நண்பனின் தம்பி டொரண்டோவில் இருக்கிறான். அங்கே தை மாசி மாதத்தில் சிம்கோ ஏரி உறைந்துவிடும். பனிக்காற்று அடிக்கும்போது ஏரி மேலேயே நடந்துபோய், பனிக்கட்டியில் துளை போட்டு, சின்னக் குடிசைக்குள் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். தம்பியும் போகிறான். மீன் பிடிக்க உரிமம் வேண்டும். எந்த மீனை எந்த மாதம் பிடிக்கலாம், ஒருவர் எத்தனை எடுக்கலாம் என்று கணக்கு உண்டு. பனி இளகுவதற்கு முன்னால், மார்ச் மாதத்தில் குறித்த தேதிக்குள் குடிசையை அகற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஏரி என்றால் மீனும் சேர்த்துத்தான் கணக்கு. ஒருவர் தண்ணீருக்குள் விட்டுவிட்டு வந்ததைக் கேட்க ஆள் இருக்கிறது.

இங்கே கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். தண்ணீரை அளக்க ஒரு துறை, மீனைக் கிலோவில் எடை போட ஒரு துறை, சாக்கடைக்கு உள்ளாட்சி, பாட்டிலுக்கு இன்னொரு துறை. மீன் எல்லாத் தண்ணீரிலும் ஒரே மீனாகத்தான் நீந்துகிறது. அதற்கு இந்தத் துறைப் பிரிவெல்லாம் தெரியாது.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வைகையிலும் முல்லையாற்றிலும் என்னென்ன மீன் இருக்கிறது என்று கணக்கெடுத்து ஊருக்குச் சொல்லுங்கள். குஞ்சு அள்ளும் சின்னக்கண் வலையைத் தடுங்கள். பழைய வலைக்கு ஒரு விலை வையுங்கள். அயிரையையும் ஆராலையும் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடுங்கள். அணைக்கரைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வலை அறுந்தால் அறுந்த துண்டையும் கையோடு எடுத்து வாருங்கள், பாட்டிலைத் தண்ணீர் ஓரத்தில் உடைக்காதீர்கள். நண்பனின் பாதத்தில் தையல் போட்டிருக்கிறார்கள். தோட்டத்துக்கு இறங்க முடியாமல் வாழைக்கு ஆள் வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறான்.