பொதுப் பள்ளியும் எல்லைக் கோடும்

அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையோரப் புறநகர்களுக்கென 1901-ல் ஏற்பட்டது நியூ டிரையர் உயர்நிலைப் பள்ளி. அது தனியார் ஸ்தாபனமன்று. வரிப் பணத்தில் நடைபெறும் பொதுப் பள்ளி. அந்நாட்டின் தலைசிறந்த பொதுப் பள்ளிகளுள் ஒன்றென்று பெயர் பெற்றது. சுற்றுப்புறத்து ஜனங்கள் அதைக் கண்ணெனப் போற்றி வருகிறார்கள். இதில் நாம் குறை காணவில்லை. தம் ஊர்ப் பள்ளிக்கு மனமுவந்து வரி கொடுப்பவர்கள் மெச்சத்தக்கவர்களே.

ஆனால் ‘பொது’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம்? அதன் எல்லைக்குள் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கே அதில் இலவசமாகப் படிக்கும் பாத்தியதை உண்டு. அவ்வெல்லைக்குள் வீடு வாங்குவதோ செல்வர்க்கே எளிது. பள்ளியின் வருமானம் பெரும்பாலும் அவ்வீடுகளின் மீது விதிக்கப்படும் சொத்து வரியிலிருந்தே வருகிறது. வீட்டின் விலை உயர உயரப் பள்ளி செழிக்கிறது; பள்ளி செழிக்கச் செழிக்க வீட்டின் விலை உயருகிறது. வாசலில் சம்பளம் கேட்பதில்லை என்பது வாஸ்தவம். வீட்டின் விலையோடு சேர்த்து அதை முன்னதாகவே வாங்கிவிடுகிறார்கள்! அந்நாட்டில் குடியேறிய நம்மவர்களும் வீடு தேடும்போது முதலில் விசாரிப்பது பள்ளியைத்தான். பெற்றோரை நோவதில் பயனில்லை, ஏற்பாடு அப்படி.

2008 செப்டம்பரில், பாதிரியாரும் இல்லினாய் ராஜ்ய ஸெனட்டருமான ஜேம்ஸ் மீக்ஸ் ஒரு காரியம் செய்தார். பள்ளி திறக்கும் முதல் நாளன்று, சிக்காகோ மாணாக்கர் ஆயிரம் பேருக்கு மேல் தங்கள் பள்ளிகளைப் பகிஷ்கரித்து, பஸ்களில் நியூ டிரையருக்குச் சென்று, சேர்க்கை விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து கொடுத்தனர். அப்போது அங்கே மாணாக்கர் ஒருவருக்கு ஏறக்குறைய 17,000 டாலர் செலவாயிற்று. சிக்காகோவிலோ 10,000 டாலருக்குச் சற்று அதிகம். வந்தவர்களைப் பள்ளியார் மரியாதையாகவே நடத்தினார்கள். ஆயினும் இடம் கிடைக்கவில்லை. கிடைக்காதென்பது வந்தவர்களுக்கும் தெரியும். உள்ளத்தை இரக்கத்துக்கும் வாழ்வை மனிதகுல சேவைக்கும் அர்ப்பணிக்கச் செய்வது அப்பள்ளியின் இலட்சிய வாசகம். அன்று வழிமறித்தது ஆசிரியர்களின் நெஞ்சமன்று, வரைபடத்தில் போட்ட கோடு.

நீதிமன்றம் போயிருக்கலாமே என்பவர்கள் 1973-ம் வருஷத்துத் தீர்ப்பை அறிய வேண்டும். டெக்ஸாஸில் ஏழை வட்டாரத்துப் பெற்றோர் தொடுத்த வழக்கில், கல்வி அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையன்று என்றும், வட்டாரச் சொத்து வரியால் விளையும் ஏற்றத்தாழ்வு சட்டவிரோதமன்று என்றும் ஸுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்த்துவிட்டது.

பள்ளி நிர்வாகம் அந்தந்த ஊராரின் கையில் இருக்க வேண்டும் என்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. உள்ளூர் நிர்வாகத்தின் அருமையை நாம் அறிவோம். ஆனால் நிர்வாகம் வேறு, பொக்கிஷம் வேறு. மிச்சிகன் ராஜ்யத்தில் 1994-ல் ஜனங்கள் வோட்டளித்து விற்பனை வரியை நூற்றுக்கு 4-லிருந்து 6-ஆக உயர்த்தி, பள்ளிச் செலவின் பெரும் பாரத்தை ராஜ்ய சர்க்காரின் மேல் ஏற்றினார்கள். உள்ளூர்ப் பள்ளிக் குழுக்கள் அதனால் மறைந்துவிடவில்லை. இல்லினாயும் 2017-ல் ஒரு சட்டம் இயற்றி, புதிதாகத் தரும் பணம் மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கே முதலில் சேர வேண்டுமென்று விதித்தது. வரவேற்கிறோம். ஆனால் புதுப் பணத்துக்குத்தான் அந்த விதி. எல்லைக்குள் வசூலாகும் சொத்து வரியை அது தொடவில்லை. அதையும் தொடுமாறு இல்லினாய்ச் சட்டசபையை நிர்ப்பந்திப்பது அந்த ஏரிக்கரை வோட்டர்களாலும் ஆகக்கூடிய காரியமே.